பூவுக்கு முன் புல்: ஒன்ராறியோ நிழல் தோட்டத்தில் பெடிக்குலாரிஸ் வளர்க்க ஒரு வழிகாட்டி

மே மாதக் கடைசியில் ஓக் மரக் காட்டோரம் நடந்தால், பன்னம் போன்ற இலைகள் தரையோடு படர்ந்து, நடுவே மஞ்சள் பூக்கள் சுழன்று சுழன்று அடுக்கிய ஒரு குட்டைச் செடியைக் காணலாம். தாவரப் பெயர் பெடிக்குலாரிஸ் கனடென்சிஸ். கடைகளில் வூட் பெட்டனி என்பார்கள். கியூபெக், மனிற்றோபா முதல் தெற்கே புளோரிடா, ரெக்சாஸ் வரை இயல்பாக வளர்வது.

நல்ல விலை கொடுத்து வாங்கிய கன்று ஓரிரு வருடத்தில் மெலிந்து காணாமற் போவதுதான் இந்தச் செடியில் வழக்கமாக நடப்பது. தண்ணீர் போதவில்லை, குளிர் அதிகம் என்று காரணம் தேடுவோம். உண்மைக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: அதைத் தனியாக நட்டிருப்போம். இது அரை ஒட்டுண்ணி. பச்சை இலை இருப்பதால் தன் உணவின் ஒரு பகுதியைத் தானே தயாரிக்கும். தண்ணீரையும் தாதுச்சத்தையும், உணவில் கொஞ்சத்தையும், பக்கத்துச் செடியின் வேரில் உறிஞ்சு வேர் பதித்து எடுத்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் சோளத்தையும் கரும்பையும் வாட்டும் சுடுமல்லியும் இதே குடும்பம்தான். ஆனால் அதைப் போல இது ஓம்புசெடியை, அதாவது தான் பற்றி உறிஞ்சும் செடியை, கொல்வதில்லை, வளர்ச்சியை மட்டுப்படுத்தும். உயரமாக வளர்ந்து மற்றதை அமுக்கும் கோல்டன்ரொட் போன்றவை இதன் அருகே குட்டையாகின்றன. கிடைத்த இடைவெளியில் சின்னச் செடிகள் பிழைக்கின்றன. நிழல் தோட்டத்தில் இதற்கு இடம் கொடுக்க அதுவே முதல் காரணம். பூ இரண்டாவது.

ஆகவே வேலையின் ஒழுங்கு இது: முதலில் அது பற்றிக்கொள்ளத் துணைச்செடி, பிறகு பெடிக்குலாரிஸ். விதையிலிருந்து பூ வரை மூன்று வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்று வாங்கினால் ஒன்றிரண்டு.

1. எந்தச் செடி என்பதை உறுதிசெய்யுங்கள்

பெட்டனி என்ற பெயரில் ஐரோப்பாவின் பெட்டோனிக்கா ஒஃபிசினாலிஸ் என்ற செடியும் விற்கப்படுகிறது. அது புதினாக் குடும்பம். ஊதாப் பூ, சதுரத் தண்டு, ஒட்டுண்ணி அல்ல. இணையக்கடையில் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் அதுதான் வீட்டுக்கு வரும். லேபிளிலும் பில்லிலும் தாவரப் பெயர் முழுதாக இருக்கவேண்டும்.

பெடிக்குலாரிஸ் லான்சியோலாட்டா என்று ஒரு நெருங்கிய உறவும் உண்டு. அது ஈரநிலச் செடி. ஓகஸ்ட், செப்டம்பரில் வெளிர்மஞ்சளாகப் பூக்கும். இலைகள் தண்டில் எதிரெதிரே இருக்கும். உங்கள் வளவில் தண்ணீர் தேங்கும் மூலை இருந்தால் அது பொருந்தும். உலர்ந்த ஓக் நிழலுக்கு வேண்டியது கனடென்சிஸ்.

சரியான செடியின் அடையாளம்: உயரம் 15 முதல் 40 சென்ரிமீற்றர். வசந்தத்தில் வரும் இளம் இலை வைன் நிறச் சிவப்பு, பிறகு பச்சை. பூவின் மேலிதழ் முக்காடு போல வளைந்திருக்கும். நிறம் மஞ்சள், சிலவற்றில் செம்பழுப்பும் கலந்திருக்கும். கீழிருந்து மேலாகப் பூக்கும். பூக்கப் பூக்கத் தண்டு நீளும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லவேண்டும். இலை கீரை போலத் தோன்றினாலும் சமைக்கவோ தேநீரில் போடவோ வேண்டாம். பக்கத்துச் செடியில் நச்சு அல்கலோயிட் இருந்தால் அதையும் வேர் வழியே தன்னுள் எடுத்துக்கொள்ளும் இனம் இது. எந்தக் கன்றில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

2. இடத்தை ஜூனில் பாருங்கள், ஏப்ரலில் அல்ல

ஏப்ரலில் மரங்கள் மொட்டையாக நிற்கும். எல்லா இடமும் வெளிச்சமாகத் தெரியும். மரம் முழுதாகத் தழைத்த ஜூன் மாதத்தில், காலை எட்டு மணி முதல் மணிக்கு ஒருமுறை அந்த இடத்தைப் போனில் படம் எடுங்கள். மூன்று முதல் ஐந்து மணிநேரம் நேரடி வெயில், அல்லது நாள் முழுக்க இலையூடாக விழும் சல்லடை வெளிச்சம் இருந்தால் போதும்.

ஓக் மரத்தடி நல்ல இடம். ஓக் தாமதமாகத் துளிர்ப்பதால் மே நடுப்பகுதி வரை தரைக்கு வெயில் கிடைக்கும். சேர்விஸ்பெரி மரத்தடியும் பரவாயில்லை. நோர்வே மேப்பிளின் கீழ் முயலவே வேண்டாம். அதன் நிழல் அடர்த்தி, மேல்வேர்கள் மண்ணின் ஈரத்தை எல்லாம் எடுத்துவிடும். அங்கே இலை மட்டும் ஓரிரு வருடம் தாக்குப்பிடிக்கும், பூ வராது.

மண் ஓரளவு அமிலமாகவோ நடுநிலையாகவோ இருக்கவேண்டும், பிஎச் 5.5 முதல் 7 வரை. ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துப் புதிய குடியிருப்புகளில் மேல்மண் மெல்லிய படையாகவே இருக்கும். அதன் கீழ் இறுகிய, சுண்ணாம்பு கலந்த களிமண். குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வுகூடம் மண் பரிசோதித்துத் தரும். சில பத்து டொலர் செலவு, ஆனால் மூன்று வருடக் காத்திருப்பை மிச்சப்படுத்தும். பிஎச் 7.5ஐத் தாண்டினால் கந்தகம் போட்டு மல்லுக்கட்டாமல் 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயரத்தில் மணல் கலந்த மண்ணால் மேடு கட்டுங்கள். மரத்தின் அடித்தண்டை மேட்டு மண் தொடக்கூடாது. மரவேர்கள் படர்ந்த இடத்தின் மேலும் மேடு கட்டாதீர்கள், மரம் மூச்சுத்திணறும்.

கொம்போஸ்ட், மாட்டெரு, உரம் எதுவும் சேர்க்கவேண்டாம். நம் ஆட்களுக்கு இது கைவராது, ஏனென்றால் கத்தரியும் மிளகாயும் நட்டுப் பழகிய கை எருவைத் தேடும். எரு போட்டால் துணைப்புல் கொழுத்து உயரும். தரையோடு கிடக்கும் பெடிக்குலாரிஸ் இலை அதன் கீழ் வெளிச்சமின்றி அழுகும்.

3. அனுமதியும் ஆவணமும்

காட்டிலிருந்து தோண்டி எடுக்காதீர்கள். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களிலும் ரொறன்ரோ நகரப் பூங்காக்களிலும் செடி எடுப்பது சட்டப்படி குற்றம். சட்டத்தை விட்டாலும் பயனில்லை: அதன் வேர் பக்கத்துச் செடிகளின் வேரோடு பிணைந்திருக்கும், தோண்டியதும் அந்தப் பிணைப்பு அறுந்து செடி செத்துவிடும்.

மண்ணைத் தோண்டுமுன் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்குக் குறைந்தது ஐந்து வேலைநாட்கள் முன்பாக அறிவியுங்கள். இலவசம். நிலத்தடி எரிவாயுக் குழாய், மின்கம்பி எங்கே என்று வந்து வர்ணத்தால் குறித்துவிட்டுப் போவார்கள். கைமண்வெட்டியால் தோண்டினாலும் இது கட்டாயம். அவர்கள் தரும் தாளை வேலை முடியும்வரை வைத்திருங்கள். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு 811.

வெளிச்சம் போதாமல் மரத்தை வெட்ட நினைக்கிறவர்கள் கவனிக்க: ரொறன்ரோவில், தரையிலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அளந்து தண்டின் விட்டம் 30 சென்ரிமீற்றர் அல்லது கூடுதலாக இருந்தால், தனியார் வளவு மரமானாலும் அதை வெட்டவோ காயப்படுத்தவோ நகரசபை அனுமதி வேண்டும். பெரிய வேரை அறுப்பதும் காயப்படுத்தல்தான். முறைப்படி கிளை கழிப்பதற்கு அனுமதி தேவையில்லை. ஓக் மரமென்றால் அதைக் கடுங்குளிர் காலத்தில் மட்டும் செய்யுங்கள். ஓக் வாடல் நோய் 2023இல் ஒன்ராறியோவில் கண்டறியப்பட்டது. கோடையில் வெட்டிய காயத்தின் வாசனைக்கு வரும் வண்டுகள் அதைப் பரப்பும்.

எல்லைக்கு அப்பாலிருந்து வாங்குவது தனிப் பிரச்சினை. அமெரிக்காவிலிருந்து மண்ணோடு கன்று வருவதற்குத் தாவர நலச் சான்றிதழ் தேவை. அதன் செலவு கன்றின் விலையையே தாண்டிவிடும். விதையானாலும், கனடிய உணவுப் பரிசோதனை முகமையின் தானியங்கி இறக்குமதித் தளத்தில் தாவரப் பெயரையும் வரும் நாட்டையும் போட்டு நிபந்தனையைப் பார்த்த பிறகே காசு கட்டுங்கள். பொதி எல்லையில் நின்றால் பணம் திரும்புவது அரிது. உள்ளூரில் வாங்குவதே சுகம்.

ஊரில் இருக்கும் உறவுகளுக்குப் பெட்டியில் விதை கொண்டுபோகவும் வேண்டாம். அனுமதியின்றி விதை கொண்டுபோவது அங்கும் சட்டமீறல். கடுங்குளிர் காணாத விதை முளைக்கவும் மாட்டாது. இலங்கை மலைநாட்டிலும் நீலகிரியிலும் பெடிக்குலாரிஸ் சைலானிக்கா என்ற சொந்த இனம் இருக்கிறது. அதை அங்கேயே போய்ப் பார்த்து மகிழலாம்.

4. துணைச்செடியை முதல் வருடமே நடுங்கள்

இந்தப் படியில் அவசரப்பட்டால் மிச்சம் எல்லாம் வீண்.

பெடிக்குலாரிஸ் எதையும் பிடித்துக்கொள்ளும். 35 குடும்பங்களைச் சேர்ந்த 80 வரையான தாவரங்களில் அதன் உறிஞ்சு வேர்கள் காணப்பட்டுள்ளன. அதற்காக எதையாவது நட்டால் சரி என்று ஆகாது. துணைச்செடி பலவருடச் செடியாக, மெல்லிய வேர்கள் அடர்ந்ததாக, குட்டையாக, கொஞ்சம் உறிஞ்சினாலும் தாங்குவதாக இருக்கவேண்டும்.

நிழலுக்கு முதல் தெரிவு கேரெக்ஸ் பென்சில்வானிக்கா என்ற கோரை. 20 சென்ரிமீற்றர் அளவில் மென்மையாகச் சாய்ந்து நிற்கும், உலர்ந்த ஓக் நிழலைத் தாங்கும், மெல்லப் பரவும். வெயில் கூடிய ஓரத்துக்கு லிட்டில் புளூஸ்டெம் புல். இடையிடையே காட்டு ஸ்ட்ரோபெரி, நீலத்தண்டு கோல்டன்ரொட், காட்டு ஆஸ்டர். பல இனம் கலந்திருப்பது நல்லது; ஒன்று செத்தாலும் மற்றதைப் பிடித்துக்கொள்ளும்.

ஹோஸ்டாவைத் துணையாக வைக்கவேண்டாம். அகன்ற இலை எல்லாவற்றையும் மூடிவிடும். வின்கா, ஐவி, கவுட்வீட், பாகிசாண்ட்ரா ஏற்கனவே படர்ந்திருந்தால் அவற்றை முழுதாகக் களைந்து, ஒரு கோடை காத்திருந்து, மிச்ச வேரிலிருந்து துளிர்ப்பதையும் பிடுங்கிய பிறகே நடுங்கள். பிந்திக் களையெடுக்கப் போனால் பெடிக்குலாரிஸின் வேரையும் சேர்த்து இழுக்கவேண்டி வரும்.

ஒரு சதுர மீற்றருக்கு 9 கோரைக் கன்று, 30 சென்ரிமீற்றர் இடைவெளி. மே மாதத்தில் நட்டு, முதல் கோடை முழுக்க வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விட்டால் ஒக்ரோபரில் வேர் பிடித்திருக்கும். புல்லை மெதுவாக இழுத்துப் பாருங்கள். அசையாவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம். அசைந்தால் இன்னொரு வருடம் விடுங்கள்.

5. வாங்குதல், செலவு

நாட்டுத்தாவர நேர்சரிகள் பலவும் ஜனவரி முதல் மார்ச் வரை முன்பதிவு எடுத்து மே மாதம் கன்று தருவார்கள். மே மாதம் போய்க் கேட்டால் பெடிக்குலாரிஸ் தீர்ந்திருக்கும், ஏனென்றால் இதை வளர்ப்பவர்கள் குறைவு. வட அமெரிக்க நாட்டுத்தாவரச் சங்கம் ரொறன்ரோவில் மே மாதம் கன்று விற்பனை நடத்துகிறது. அங்கத்தவர்களுக்கு விதைப் பரிமாற்றமும் உண்டு.

ஒரு சதுர மீற்றருக்கான உத்தேசச் செலவு, கடைக்குக் கடை மாறும்: கோரைக் கன்று ஒன்று 4 முதல் 6 டொலர், ஒன்பதுக்கு 36 முதல் 54. பெடிக்குலாரிஸ் விதைப் பொதி 3 முதல் 5. கன்றாக வாங்கினால் ஒன்று 8 முதல் 15. மூன்று கன்று போதும். மணல் மூட்டை சில டொலர்.

வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். விதை எந்த வருடம் சேகரித்தது? இந்தச் செடியின் விதை நெடுநாள் வைத்திருக்க ஏற்றதல்ல. அந்த வருட அறுவடைதான் வேண்டும். கன்று சாடியில் துணைப்புல்லோடு இருக்கிறதா? தனியாக நிற்கும் கன்று எவ்வளவு பசுமையாகத் தெரிந்தாலும் எடுக்கவேண்டாம். சாடி மண்ணில் துள்ளு மண்புழு இல்லையா? கோப்பித்தூள் போலத் துகள் துகளான மண் அதன் தடயம். அந்தப் புழு ஒருமுறை வளவுக்குள் வந்தால் இலைமக்கை முழுதும் தின்றுவிடும். அதை ஒழிக்க இன்றுவரை நம்பகமான வழி இல்லை.

6. விதைத்தல்

விதைக்கு 60 முதல் 90 நாள் ஈரக் குளிர் வேண்டும். அது இல்லாமல் முளைக்காது. இரண்டு வழி உண்டு. முதல் வழியையே பரிந்துரைக்கிறேன்.

*நேரே தோட்டத்தில்.* ஒக்ரோபர் நடுவிலிருந்து நிலம் உறையும்வரை. துணைப்புல்லை 5 சென்ரிமீற்றர் உயரத்துக்கு வெட்டுங்கள். புல்லின் அடியிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, பழைய சமையல் கத்தியால் 3 சென்ரிமீற்றர் நீளத்துக்குக் கீறுங்கள். வேரில் சின்னக் காயம் படுவது நல்லதே. புதிய மெல்வேர் அங்கே வரும். விதையை ஈரமணலில் கலந்து, ஒரு கீறலுக்கு ஐந்தாறு விதை விழும்படி தூவுங்கள். விதை 3 மில்லிமீற்றருக்கு மேல் புதையக்கூடாது, வெளிச்சம் படவேண்டும். காலால் அழுத்திவிடுங்கள். சதுர மீற்றருக்கு ஏழெட்டு இடம் போதும். ஒவ்வொன்றிலும் அடையாளக் குச்சி நடுங்கள். வசந்தத்தில் வரும் முளை சின்ன விரல் நகத்தளவுதான். குச்சி இல்லாவிட்டால் களையென்று பிடுங்கிவிடுவீர்கள்.

*பிரிஜ்ஜில்.* இலையுதிர்காலத்தைத் தவறவிட்டவர்களுக்கு. பெப்ரவரி நடுப்பகுதியில் தொடங்குங்கள். ஒரு பங்கு விதைக்கு நாலு பங்கு மணல், பிழிந்தால் தண்ணீர் சொட்டாத ஈரம், சிப் பையில் போட்டுத் திகதி எழுதி, 1 முதல் 4 பாகை செல்சியஸில் வையுங்கள். உறைபெட்டிக்குள் அல்ல. பத்து நாளைக்கு ஒருமுறை பூஞ்சணம் பாருங்கள். மே தொடக்கத்தில், ஏற்கனவே கோரை வேரூன்றிய 10 சென்ரிமீற்றர் சாடிகளில் மேற்பரப்பில் தூவுங்கள். வெறும் விதைத்தட்டில் முளைக்கவைத்துப் பிறகு புல்லோடு சேர்க்கலாம் என்று நினைக்காதீர்கள். முளை கொஞ்சக் காலம் தனியே உயிரோடிருக்கும், வளராது. பிடுங்கி நடும்போது இருக்கும் சில வேரும் அறுந்துவிடும். செப்டம்பரில் சாடி மண்ணை உடைக்காமல் அப்படியே தோட்டத்தில் இறக்குங்கள்.

7. கன்று நடுதல்

ஏப்ரல் கடைசி முதல் மே வரை, அல்லது செப்டம்பர். சாடியில் இருக்கும் புல்லைப் பிரிக்கவேண்டாம், அதுதான் அதன் உயிர். தோட்டத்துக் கோரைக்கு 10 சென்ரிமீற்றர் அருகே, சாடியில் இருந்த அதே ஆழத்தில் நட்டுத் தண்ணீர் விடுங்கள். முதல் கோடையில் மழை இல்லாத வாரம் இரண்டு முறை தண்ணீர் தேவை. புது ஓம்புசெடியைப் பிடிக்கும்வரை அதற்குப் போதிய வேர் இல்லை.

நடைபாதை ஓரமோ படிக்கட்டின் அருகோ நல்ல இடம், பின்வரிசையில் வைத்தால் தெரியாது. கொலம்பைன், காட்டு ஜெரேனியம் இரண்டும் அதே நேரம் பூப்பவை. பக்கத்தில் அழகாகச் சேரும். பூவைத் தேடி பம்பிள் தேனீக்களின் அரசிகள் வரும். பூச்சிமருந்து அடிக்கும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள்.

8. முதல் மூன்று வருடம்

முதல் வருடம் ஒரு சின்ன இலைவட்டம், அவ்வளவுதான். இரண்டாம் வருடம் கையளவு. மூன்றாம் அல்லது நான்காம் மே மாதம் பூ. அதன் பிறகு குறுகிய நிலத்தடித் தண்டால் கூட்டமாகப் பரவும்.

மரப்பட்டைத் தூளை மேலே கொட்டவேண்டாம். உதிர்ந்த ஓக் இலை மெல்லிய படையாக இருக்கட்டும். மேப்பிள் இலை நனைந்து பாய் போல ஒட்டிக்கொள்ளும், அதை மார்ச் கடைசியில் கையால் விலக்குங்கள். துணைப்புல்லை வருடம் ஒருமுறை, அதே மார்ச்சில், துளிர்க்குமுன் வெட்டுங்கள். குளிருக்குப் போர்வை தேவையில்லை. வறண்ட கோடையில் ஓகஸ்டிலேயே இலை மங்கி மறையலாம். செத்துவிட்டதென்று தோண்டிப் பார்க்காதீர்கள்.

பிரச்சினை வந்தால் இப்படிப் பாருங்கள். இலை பசுமை, பூ இல்லை: நிழல் அதிகம், மேலே கிளை கழிக்கவேண்டும். வெயிலில் தினமும் வாடி மாலையில் நிமிர்கிறது: ஓம்புசெடியை இன்னும் பிடிக்கவில்லை; தண்ணீர் விட்டுக் காத்திருங்கள். இரண்டாம் வருடம் குட்டையாகவே நிற்கிறது: புல் மேலே மூடியிருக்கிறதா என்று பாருங்கள், மூடியிருந்தால் வெட்டுங்கள். துணைச்செடி மஞ்சளித்து மெலிகிறது: புதிதாக நட்ட ஒன்றிரண்டுக்கு இது நேரும், இன்னும் இரண்டு கோரை சேர்த்தால் பாரம் பகிரப்படும். களைக்கொல்லி தெளித்த பக்கத்துப் புல்தரைக்கு அருகே நட்டிருந்தால் இடத்தை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஜூலையில் தட்டையான பழுப்புக் காய்கள் நுனியில் வெடிக்கத் தொடங்கும். தண்டை வெட்டிக் காகிதப் பையில் தலைகீழாக ஒரு வாரம் தொங்கவிட்டால் விதை உதிரும். பாதியைச் செடியிலேயே விடுங்கள். எடுத்த விதையை அதே ஒக்ரோபரில் விதைத்துவிடுங்கள். அதுவரை உலர்ந்த கடதாசி உறையில், பிரிஜ்ஜின் கீழ்த்தட்டில். நண்பருக்குக் கொடுப்பதானால் விதையோடு இரண்டு கோரைக் கன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.